'ஸே' படுத்தும் பாடு

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, 'அவன் சொல்கிறான்' என்பதன் ஆங்கிலத்தை 'ஹி ஸெஸ்' (he says) என்று எழுதியிருந்தேன். 'ஸேஸ்' என்பது அச்சில் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்து நான்கைந்து பேர் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் சிவப்பு மையில் வட்டமே போட்டிருக்கிறார். நான் அந்தப் பக்கம் இருந்து முப்பது வருஷம் வட்டம் போட்டவள், அதனால் கோபமில்லை. ஆனால் அது அச்சுப்பிழை இல்லை. அந்தச் சொல்லைத் தொட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஸ், ஏ, ஒய் மூன்றும் சேர்ந்தால் 'ஸே'. பின்னால் ஒரு எஸ் வந்தால் 'ஸேஸ்' என்றுதானே ஆக வேண்டும்? ப்ளே – ப்ளேஸ், ஸ்டே – ஸ்டேஸ் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கின்றன?

பதில்: இருக்கின்றன. இது ஒன்றுதான் ஒழுங்காக இல்லை.

நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன், அதுவும் டீச்சர் ஆன பிறகும். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். கதையில் நரி ஏதோ சொல்கிறது, காகம் ஏதோ சொல்கிறது. வரிக்கு வரி 'ஸெய்ட் த ஃபாக்ஸ்', 'ஸெய்ட் த க்ரோ' என்று நீட்டி முழக்கினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், பாடக் கேஸட்ல 'ஸெட்'னு சொல்றாங்களே?" என்றாள். நான் சற்றும் யோசிக்காமல், "அது பழைய கேஸட், டேப் தேய்ஞ்சு போயிருக்கும்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். டேப் தேய்ந்தால் ஒலி மங்கும், இழுக்கும்; உயிரெழுத்து குறுகுமா? வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். அவள்தான் சரி. மறுநாள் வகுப்பில் ஒப்புக்கொண்டபோது, அவள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் 'ஸே'. நாம் அதைச் சேவல், சேலை என்பதில் வரும் ஒரே நீட்டலான 'ஏ' போலச் சொல்கிறோம். ஆங்கிலேயர் வாயிலும் அமெரிக்கர் வாயிலும் அது எகரத்தில் தொடங்கி இகரத்தில் போய் முடியும். காதில் விழுவது கிட்டத்தட்ட நம் 'செய்'. சொல்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் வார்த்தை நமக்குச் 'செய்' என்று கேட்பது ஒரு வேடிக்கைதான்.

இதோடு எஸ் சேர்ந்தவுடன் உயிரொலி குறிலாகிவிடும்: 'ஸெஸ்'. கடைசி ஒலி 'பஸ்'ஸில் வருவது போல வெறும் காற்றாக வராது, தேனீ மாதிரி ரீங்கரிக்கும். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வது தெரியும். அதற்குத் தமிழில் எழுத்தில்லை. என்ன எழுதினாலும் அது முக்கால் உண்மைதான். இறந்த காலம் 'ஸெட்'. கட்டிலைக் குறிக்கும் 'பெட்'டோடு எதுகை போடலாம். 'பே' – 'பெய்ட்', 'லே' – 'லெய்ட்' என்று அதே மாதிரி எழுத்துள்ள மற்றவை நீட்டலை விடவில்லை. நம்மைக் குழப்புவதும் அவைதான். 'ஸேயிங்' என்று இங் சேர்க்கும்போது மட்டும் பழைய ஒலி திரும்பி வந்துவிடும்.

ஏன் இப்படி? ஆங்கில வினைச்சொற்களை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி வரிசைப்படுத்தினால், முதல் ஐந்து இடங்களுக்குள் இது வந்துவிடும். நாள் முழுக்க வாயில் கிடக்கும் சொல் தேயாமல் என்ன செய்யும்? நாமே 'சொல்லுகிறான்' என்று எழுதிவிட்டுச் 'சொல்றான்' என்கிறோம். 'என்று' என்பது நம் வாயில் வெறும் 'ன்னு' ஆகிவிட்டது. 14-ஆம் நூற்றாண்டில் 'ஸெட்'டை எழுதிய எழுத்தைப் பார்த்தால், அன்று இரண்டு உயிரும் ஒலித்தது தெரிகிறது. 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் வந்தது. அதற்குப் பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது. நாக்கு உறையவில்லை. 'டூ' என்பது 'டஸ்' ஆனதும் இந்த ஜாதிதான். அதை யாரும் 'டூஸ்' என்று திருத்தி எனக்கு அனுப்புவதில்லை.

கேள்வி: 'ஹி ஸெட் மீ' என்று பேசினேன். உடன் வேலை செய்பவர் 'ஹி டோல்ட் மீ' என்று திருத்தினார். 'ஸே'யும் சொல்வதுதான், 'டெல்'லும் சொல்வதுதான். அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: இது உங்கள் ஆங்கிலத்தில் உள்ள கோளாறில்லை. தமிழில் 'சொல்' என்ற ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு ஆள் போட்டிருக்கிறார்கள். 

ஒரு தமிழ் வாக்கியம் தருகிறேன்: 'அவன் என்னைச் சொன்னான்.' இதைக் கேட்டால் என்ன தோன்றுகிறது? அவன் உங்களிடம் பேசினான் என்றா? இல்லை. உங்களைக் குறிப்பிட்டான், அல்லது உங்கள் மேல் குறை சொன்னான் என்று தோன்றும். 'என்னை ஏன் சொல்றே?' என்று சண்டையில் கேட்கிறோமே, அது. 'என்னிடம்', 'எனக்கு' என்று உருபு மாறினால்தான் நீங்கள் கேட்பவர் ஆவீர்கள். 'ஹி ஸெட் மீ' என்பது அவர்கள் காதில் ஏறக்குறைய இந்த 'என்னைச் சொன்னான்' போலத்தான் இடறும்.

'ஸே'க்குப் பின்னால் வர வேண்டியது பேச்சு, ஆள் இல்லை. 'ஹி ஸெட் யெஸ்', 'ஹி ஸெட் ஸாரி', 'ஹி ஸெட் நத்திங்'. ஆளைக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் 'டு' போட்டு 'ஹி ஸெட் டு மீ'. 'டெல்'லுக்கோ ஆள் இல்லாவிட்டால் பொழுது போகாது: 'ஹி டோல்ட் மீ', 'ஹி டோல்ட் ஹிஸ் மதர்'. இங்கே 'டு' கூடாது. 'ஹி டோல்ட் டு மீ' என்று நாம் சொல்வதும் 'என்னிடம்' என்ற உருபை விட மனமில்லாமல்தான்.

இதிலிருந்தே இன்னொரு தவறும் முளைக்கிறது. 'எனக்கு அப்படிச் சொன்னார்கள்' என்பதை 'ஐ வாஸ் ஸெட்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. உயர் அதிகாரிகளின் கடிதத்திலேயே பார்த்திருக்கிறேன். அது 'ஐ வாஸ் டோல்ட்'. சொல்லப்பட்டது பேச்சு, நீங்கள் இல்லையே.

விதிவிலக்கு கேட்பீர்கள். கதை, பொய், உண்மை, ஜோக் – இவற்றுக்கு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'டெல்' தான். 'ஸே எ லை' என்று யாரும் சொல்வதில்லை. மணி பார்த்துச் சொல்வதும் 'டெல் த டைம்'. 

இந்த 'டெல்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ரசமாக இருக்கும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு எண்ணுவது என்றும் பொருள். ஜெர்மன் மொழியில் எண்ணுவதற்கு 'ட்ஸேலன்', கதை சொல்வதற்கு 'எர்ட்ஸேலன்'. இரண்டும் ஒரே வேர், 'டெல்'லுக்கு உறவுக்காரர்கள். வங்கியில் பணம் எண்ணிக் கொடுப்பவர் ஏன் 'டெல்லர்' என்று இப்போது புரிகிறதா? அவர் எதையும் சொல்பவர் இல்லை, எண்ணுபவர். 'அன்டோல்ட் வெல்த்' என்பதைச் 'சொல்லப்படாத செல்வம்' என்று மொழிபெயர்த்த ஒருவருக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அது எண்ணற்ற செல்வம்.

கேள்வி: அப்படியானால் 'ஸ்பீக்', 'டாக்' எங்கே வரும்?

பதில்: அவை 'பேசு'. சொன்ன விஷயம் முக்கியமென்றால் 'ஸே', யாரிடம் என்பது முக்கியமென்றால் 'டெல்', வாய் திறந்து பேசியதே முக்கியமென்றால் இவை. மேடை, மொழி, மரியாதை என்று வந்தால் 'ஸ்பீக்'. திண்ணைப் பேச்சுக்கு 'டாக்'. பேசு, சொல் என்ற நம் வித்தியாசம் இங்கே அப்படியே உதவும். குழம்ப வேண்டாம்.

கேள்வி: 'ஹி ஸெட் தட்...' என்று எழுதும்போது 'தட்' கட்டாயமா? என் மகள் போடுவதேயில்லை. நான் போடாமல் எழுதினால் கை நடுங்குகிறது.

பதில்: மகள் எழுதுவதும் சரி, நீங்கள் எழுதுவதும் சரி. பேச்சில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். 'ஹி ஸெட் ஹி வாஸ் டயர்ட்.' எழுத்தில், அதுவும் வாக்கியம் நீளமாக இருந்தால், போடுவது படிப்பவருக்கு உதவி.

உங்கள் கை ஏன் நடுங்குகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தமிழில் 'என்று' இல்லாமல் அடுத்தவர் பேச்சை அவர் சொன்னபடியே சொல்வது பெரும்பாலும் முடியாது. 'களைப்பாக இருக்கிறது சொன்னான்' என்று எழுதிப் பாருங்கள், பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் 'தட்'டைத் தேடுகிறது. 

அந்த 'என்று' யார் தெரியுமா? அதுவும் ஒரு 'சொல்'தான். 'என்' என்பது சொல்வதைக் குறிக்கும் பழைய வினை. என்றான், என்கிறாள், என்பார்கள் என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் எச்சம்தான் 'என்று'. ஆக, 'வருகிறேன் என்று சொன்னான்' என்றால் 'வருகிறேன் எனச் சொல்லிச் சொன்னான்' என்று கணக்கு. 'என்றால்' என்பது 'சொன்னால்'. 'ஏனென்றால்' என்பது 'ஏன் என்று சொன்னால்'. ஒரு நாளைக்கு எத்தனை 'ஸே' நம் வாயிலிருந்து தெரியாமல் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர்கள் ஐந்து இடத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்று சற்று முன் பெருமையாக எழுதினேன். நம்முடையது அதற்கு இளைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று. யார் சொன்னது என்று தெரியாத செய்திக்கு அவர்கள் 'தே ஸே' என்பார்கள். 'தே ஸே இட் வில் ரெய்ன்.' இதை 'மழை பெய்யும் என்று அவர்கள் சொல்கிறார்கள்' என்று மொழிபெயர்த்தால், எவர்கள் என்று கேள்வி வரும். 'மழை பெய்யுமாம்.' முடிந்தது. 'ஹி இஸ் ஸெட் டு பி ரிச்' – 'பெரிய பணக்காரராம்.' ஒரு 'ஆம்' போட்டு, விஷயத்தையும் சொல்லி, பொறுப்பிலிருந்தும் கழன்றுகொள்கிறோம். இவ்வளவு சிக்கனம் ஆங்கிலத்தில் கிடையாது.

கேள்வி: சட்ட ஆவணங்களில் 'த ஸெட் பெர்ஸன்' என்று வருகிறது. 'சொன்ன நபர்' என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: கூடாது. அவர் எதையும் சொன்னவர் இல்லை, மேலே சொல்லப்பட்டவர். நம் பத்திரங்களில் அதற்கு அழகான சொல் இருக்கிறது: மேற்படி. 'மேற்படி நபர்', 'மேற்படி சொத்து'. பேச்சுவழக்கில் ஒருவர் பெயரைச் சொல்ல விரும்பாதபோது 'மேற்படியார்' என்று கண்ணடிப்போமே, அதே கிண்டல் தொனி ஆங்கிலப் பேச்சில் 'த ஸெட் ஜென்டில்மேன்' என்னும்போதும் வரும். ஆவணத்துக்கு வெளியே யோசித்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரு கட்டுரையில் 'ஸே, டென் பீப்பிள்' என்று படித்தேன். பத்து பேரைச் சொல்லச் சொல்கிறார்களா?

பதில்: இல்லை. 'ஒரு பேச்சுக்குப் பத்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.' பாருங்கள், நாமும் அங்கே பேச்சைத்தான் கொண்டுவருகிறோம்! 'லெட்ஸ் ஸே' என்றாலும் இதே. 'ஸே'யை அடுத்து ஒரு காற்புள்ளி நின்று, பின்னால் எண்ணோ உதாரணமோ வந்தால் இந்தப் பொருள் என்று கண்டுகொள்ளலாம்.

கேள்வி: 'த க்ளாக் ஸெஸ் டென்' என்கிறார்கள். கடிகாரம் சொல்லுமா? கடிகாரத்துக்கு வாய் உண்டா?

பதில்: அவர்கள் ஊர்க் கடிகாரத்துக்கு உண்டு. பலகை, கடிதம், செய்தித்தாள், மருந்துப் பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் எல்லாம் அவர்களுக்கு 'ஸே' பண்ணும். நாம் 'போட்டிருக்கு' என்கிறோம். 'பேப்பர்ல போட்டிருக்கு', 'போர்டுல எழுதியிருக்கு'. ஆகவே ஆங்கிலத்தில் 'இட் இஸ் ரிட்டன் இன் த போர்டு' என்று சுற்ற வேண்டாம், 'த போர்டு ஸெஸ்' என்றே சொல்லலாம். தமிழில் எழுதும்போது 'பலகை சொல்கிறது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இப்போது செய்தி வாசிப்பவர்கள் 'அறிக்கை சொல்கிறது' என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அது காதில் கல் மாதிரி விழுகிறது. வயசாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் போனில் பேசும் வேலை. போனை எடுத்ததும் 'டெல் மீ' என்கிறேன். மேலாளர் அது மரியாதைக் குறைவு என்கிறார். 'சொல்லுங்க' என்பதில் என்ன மரியாதைக் குறைவு?

பதில்: 'சொல்லுங்க'வில் ஒன்றும் குறைவில்லை. அந்த 'ங்க' எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறது. அதோடு 'நான் காது கொடுத்துவிட்டேன், நேரம் இருக்கிறது, உட்காருங்கள்' என்கிற தொனியும் அதில் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ங்க' வாசலிலேயே நின்றுவிடுகிறது. மிஞ்சுவது 'சொல்லு' என்ற கட்டளைதான். வணக்கம் சொல்லிவிட்டு, 'ஹௌ கேன் ஐ ஹெல்ப்?' என்று கேளுங்கள். அவர் நடுவில் தயங்கினால் 'கோ அஹெட்' என்று சொல்லலாம். அதுதான் நம் 'சொல்லுங்க'வுக்குப் பக்கத்தில் வருகிறது.

அவர் ஏதோ துன்பத்தை விவரிக்கும்போது நீங்கள் 'ரொம்பக் கஷ்டம்தான்' என்றதும், 'டெல் மீ அபௌட் இட்' என்று அவர் சொல்லக்கூடும். உடனே உங்கள் கதையை ஆரம்பித்துவிடாதீர்கள். 'அதை ஏன் கேட்கறீங்க, எனக்குத் தெரியாததா' என்று அர்த்தம். 'அதை ஏன் கேட்கறீங்க' என்று கேட்க வேண்டாம் என்பது போலத் தொடங்கி, நாம் அரை மணி நேரம் சொல்லுவோம். அவர்கள் 'என்னிடம் சொல்' என்று கூப்பிட்டுவிட்டுச் சொல்லவிடமாட்டார்கள். இதற்கு மேல் இதில் விளக்கம் எழுத எனக்குத் தெம்பில்லை.

கேள்வி: 'ஐ ஹேவ் நோ ஸே' – இதில் 'ஸே' பெயர்ச்சொல்லா?

பதில்: ஆமாம். 'என் பேச்சு அங்கே எடுபடாது.' 'த ஃபைனல் ஸே' அவருடையது என்றால், அவர் வைத்ததுதான் சட்டம்.

கேள்வி: எங்கள் பிரிவுத் தலைவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அலுவலகத்தில் நடந்த ஒரு சுவையான விஷயத்தை அவரிடம் ஆர்வமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் கண்ணை அகல விரித்து 'யூ டோன்ட் ஸே!' என்றார். சொல்லாதே என்கிறார் என்று பயந்து, மன்னிப்புக் கேட்டு வெளியே வந்துவிட்டேன். அதிலிருந்து என்னைப் பார்த்தால் ஒரு மாதிரி பார்க்கிறார். நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: சொல்லாதே என்பது 'டோன்ட் ஸே இட்' அல்லது 'டோன்ட் டெல் மீ'. முன்னால் 'யூ' வந்து, கண்ணும் அகல விரிந்தால் அதற்கு அர்த்தம் 'அட, அப்படியா!' சில சமயம் கேட்டது பழைய செய்தியாக இருந்தால் நக்கலாகவும் வரும், ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள கண் நக்கல் கண் இல்லை. இதே குடும்பத்தில் 'யூ கேன் ஸே தட் அகென்' என்று ஒன்று உண்டு. திரும்பச் சொல் என்று கேட்பதில்லை. 'நூற்றில் ஒரு வார்த்தை' என்று ஆமோதிப்பது. அதைக் கேட்டுவிட்டு, சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்.

உங்கள் தலைவர் ஒரு மாதிரி பார்ப்பதற்குக் காரணம் இதுதான்: பாதிக் கதையோடு அவரை விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் போய் மிச்சத்தைச் சொல்லிவிடுங்கள்.